கியர் கம்பியை மாற்றுமுன் அடியில் பாருங்கள்

ஐந்தாம் படிவம் முடித்து, கண்ணாடியில் புது ‘பி’ வில்லையை ஒட்டிக்கொண்டு வரும் பழைய மாணவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி இது: “சார், பழைய மேனுவல் கார். கியர் கம்பி லொடலொடவென்று ஆடுகிறது. ஷார்ட் ஷிஃப்டர் போடலாம் என்று பார்க்கிறேன். ஐம்பது வெள்ளிக்கும் இருக்கிறது, ஐந்நூறு வெள்ளிக்கும் இருக்கிறது. எதை வாங்கட்டும்?”

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம் என்பதே என் பதில். ஏன் என்று கேளுங்கள்.

பாடநூலில் ‘துவாஸ்’ என்று படித்தீர்களே, அந்த நெம்புகோல்தான் கியர் கம்பி. கைப்பிடி ஒரு முனை, கேபிளையோ தண்டையோ இழுக்கும் அடிமுனை மறுமுனை, நடுவில் ‘ஃபுல்க்ரம்’. ஆக, முதல் வகை நெம்புகோல். மேல்பகுதி 24 செ.மீ., அடிப்பகுதி 4 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 6. அடிமுனை 2 செ.மீ. நகர, உங்கள் கை 12 செ.மீ. நகர வேண்டும். ஷார்ட் ஷிஃப்டர் என்ன செய்கிறது? அடிப்பகுதியை 5 செ.மீ. ஆக நீட்டுகிறது. விகிதம் 4.8. கை இனி 9.6 செ.மீ. நகர்ந்தால் போதும். தூரம் 20 விழுக்காடு குறைந்தது; ஆனால் தள்ளும் விசை 25 விழுக்காடு கூடியது. இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை.

இனி லொடலொடப்புக்கு வருவோம். கம்பியும் கேபிளும் சேரும் இடங்களில் ரப்பர் அல்லது நைலான் புஷ் இருக்கும். நம் ஊர் வெயிலும் வயதும் அதைத் தின்றுவிடும். அடிமுனையில் 1 மி.மீ. தேய்ந்தால், கைப்பிடியில் 6 மி.மீ. ஆட்டம் தெரியும். ஷார்ட் ஷிஃப்டர் போட்டால் அது 4.8 மி.மீ. ஆகிறது. “ஆட்டம் குறைந்துவிட்டது சார்!” என்பார்கள். 12 செ.மீ.க்கு 6 மி.மீ. என்பதும் 9.6 செ.மீ.க்கு 4.8 மி.மீ. என்பதும் அதே 5 விழுக்காடுதானே! நோய் அப்படியே இருக்கிறது, வெளியே தெரிவதுதான் குறைந்திருக்கிறது. தேய்ந்த புஷ்ஷை மாற்றுங்கள். பலருக்கு அதன்பின் ஷிஃப்டர் ஆசையே போய்விடுகிறது.

போகாதவர்களுக்கு மட்டும் அடுத்த பேச்சு. வாங்கியே தீருவேன் என்றால் மலிவானதை வாங்காதீர்கள்.

நான் பிடிவாதமாகச் சொல்லக் காரணம் உண்டு. சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவுக்கு ஏறும் சாலை நம் வாசலில் தொடங்குகிறது. 1,000 மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து இறங்கும்போது, பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரைக் குறைத்து, இன்ஜினை வைத்தே வேகத்தைப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். என் பழைய மாணவர் ஒருவர் அப்படி இறங்கும்போது நான்கிலிருந்து மூன்றுக்குத் தள்ளினார். கம்பி அடியோடு முறிந்து, மடக்குக் குடைபோல் கையோடு வந்துவிட்டது. பிரேக் நாற்றம் வரும்வரை மிதித்து, ஓரமாக நிறுத்திவிட்டார். நல்லவேளை, பின்னால் கல் லோரி எதுவும் வரவில்லை.

முறிந்த துண்டை வகுப்புக்குக் கொண்டுவந்தேன். காந்தம் ஒட்டவில்லை. உருப்பெருக்கியில் பார்த்தால் உடைந்த முகம் சாம்பல் நிறத்தில் பொருபொருவென்று, ஊசிமுனைக் குழிகளோடு இருந்தது. உருக்கி அச்சில் ஊற்றும்போது உள்ளே சிக்கிய காற்றுக் குமிழிகள் அவை. ஒவ்வொரு குழியைச் சுற்றியும் தகைவு குவியும். ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் விரிசல் மயிரிழை வளரும். தள்ளும் விசை கூடும் கருவியை, வார்ப்புக் குறையுள்ள உலோகத்தில் செய்தால் வேறென்ன நடக்கும்?

தரமான பொருளில் எஃகுத் தண்டு, இடைவெளியின்றிக் கடைந்த குண்டு மூட்டு, மாற்றக்கூடிய புஷ் இருக்கும். நீங்கள் கொடுக்கும் பணம் அந்தக் கடைசல் வேலைக்குத்தான், பெட்டியில் ஒட்டிய ஸ்டிக்கருக்கு அல்ல. விலை அதிகம் என்பதாலேயே நம்பிவிடவும் கூடாது. கடையில் கையில் எடுத்து ஆட்டிப் பாருங்கள். காந்தத்தை வையுங்கள். (சில வகைத் துருப்பிடிக்காத எஃகிலும் காந்தம் ஒட்டாது, அந்தச் சந்தேகத்தைக் கடைக்காரரிடமே கேளுங்கள்.) பளபளக்கும் உலோகக் குமிழ் வேண்டும் என்பவர்கள், மதியம் மூன்று மணிவரை வெயிலில் நின்ற காரில் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

இன்னொன்று. கம்பி எவ்வளவு குட்டையாக இருந்தாலும் கியர்பெட்டிக்குள் இருக்கும் சின்க்ரோமெஷ் அவசரப்படாது. 1928இல் கெடிலாக் கார்களில் வந்த இந்த அமைப்பு, வெவ்வேறு வேகத்தில் சுழலும் பாகங்களை உராய்வால் சமவேகத்துக்குக் கொண்டுவந்த பிறகே கோர்க்கும். அதற்கு ஒரு நொடியின் சிறு பகுதி தேவை. அதைக்கூடத் தராமல் குத்தினால் வளையங்கள் தேயும், கியர் ‘கர்ர்’ என்று கத்தும். அதைச் சரிசெய்யப் பட்டறையில் கியர்பெட்டியையே இறக்க வேண்டியிருக்கும். அந்தக் கூலியோடு ஒப்பிட்டால் ஐந்நூறு வெள்ளி ஷிஃப்டர் மலிவு.