வெள்ளாறு முடிகிற ஊர்

கென்யாவில் வேலையாயிருக்கும் என் தங்கை பிள்ளை, மலிந்தி என்ற கடற்கரையூரின் படங்களை அனுப்பியிருந்தான். வெண்மணல், தென்னை, பாய்மரப் படகு, அவசரமே அறியாத ஜனங்கள். வாஸ்கோடகாமா 1498-இல் அங்கேதான் வழிகாட்டி ஒருவரை ஏற்றிக்கொண்டு கள்ளிக்கோட்டைக்கு வந்தாராம்.

"இப்படி ஓர் ஊருக்கு நாம் எங்கே போகப் போகிறோம்!" என்று பெருமூச்சு விட்டேன். பக்கத்திலிருந்த என் மாமியார், "மாமாவைக் கரைச்ச தண்ணி எந்தக் கடலுக்கம்மா போச்சு?" என்று கேட்டார்.

சகோதரிகளே, எனக்குப் பதில் தெரியவில்லை. விருத்தகாசி என்னும் விருத்தாசலத்தில், மணிமுத்தாற்றில்தான் அஸ்தியைக் கரைத்தோம். அந்த ஆறு கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலந்து, பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறதென்று பிள்ளைகளின் வாத்தியார் சொல்லித்தான் அறிந்தேன். வேப்பூரில் காலையில் பஸ் ஏறினால் இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்!

தயிர்சாதமும், விருத்தாசலத்துப் பீங்கான் ஜாடியில் எலுமிச்சை ஊறுகாயுமாகக் கிளம்பினோம். (குடிதண்ணீரும் குடையும் மறக்காதீர்கள், மணலில் நிழல் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் போகவே வேண்டாம்.)

போர்த்துகீசியர் 'புதிய துறைமுகம்' என்ற பொருளில் போர்ட்டோ நோவோ என்று அழைத்த ஊர் இது. 1781 ஜூலை 1-இல் ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் இங்கே பெரும் போர் நடந்தது. 1830-களில் சேலத்துத் தாதை உருக்கும் இரும்பாலைகூட இருந்தது. இன்றோ, மீன் வியாபாரம் முடிந்ததும் ஊரே பாய் விரித்துப் படுத்துவிடுகிறது. 'அடுப்பில் என்ன இருக்கிறது?' என்ற நினைப்பே இல்லாமல் நான் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கல்யாணமான பிறகு இதுதான் முதல் தடவை!

அத்தை முகத்துவாரத்தில் கால் நனைக்கப் போனார். மீன்கூடையோடு வந்த ஒரு பெண் ஓடிவந்து தடுத்தாள்.

"இங்கே இறங்காதீங்க பாட்டி. தண்ணி கடலுக்கு இறங்குற நேரம், ஆளை இழுத்துடும். சுனாமி வந்த 2004-லேருந்து நாங்களே பயந்துதான் இறங்குறோம்."

விஷயத்தைச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. கூடையை இறக்கி வைத்து, குடத்தில் ஆற்றுநீரை மொண்டு வந்து அத்தையின் பாதத்தில் மெல்ல ஊற்றினாள். ஒரு குடம் முழுவதும்.

திரும்பும் பஸ்ஸில் சேத்தியாத்தோப்பு தாண்டும் வரை அத்தை வாய் திறக்கவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அவருக்கு மீன் வாசனையே ஆகாது அம்மா."