கண்ணாடித் தட்டில் ஜெயித்தது நெஞ்சில் ஜெயிக்குமா?

கிருஷ்ணன்கோவிலில் பனி இறங்கிவிட்டால் என் வயதுக்காரர்களுக்கு இருமல்தான். மருந்துக்கடையில் சொன்னால் போதும், ஆன்டிபயாடிக்கோடு ஒரு வலி மாத்திரையும் சேர்ந்து வரும். அட்டையைத் திருப்பிப் படியுங்கள். பல சமயம் அதில் செர்ராசியோபெப்டிடேஸ் என்று இருக்கும். அது ஒரு என்சைம். "சளியைக் கரைக்கும், கிருமியோட கோட்டையை உடைக்கும் சார்" என்பார்கள். இந்தப் பேச்சை நான் ஏற்கவில்லை.

கோட்டை என்பது பொய்யல்ல. தண்ணீர்த் தொட்டிச் சுவரில் வழுவழுவென்று படிகிறதே, அதுபோல பாக்டீரியாக்கள் கூட்டமாகப் பசை சுரந்து அதற்குள் பதுங்கிக்கொள்ளும். பயோஃபிலிம் என்று பெயர். உள்ளே இருப்பவற்றை மருந்து எளிதில் கொல்லாது. ஆய்வகத் தட்டில் இந்த என்சைம் ஸ்டெஃபிலோகாக்கஸ் கட்டும் படலத்தைக் குறைப்பதும் உண்மைதான். ஆனால் என்சைம் ஒரு புரதம். விழுங்கியது செரிமானத்துக்குத் தப்பி, ரத்தத்தில் கலந்து, போதிய அளவில் நுரையீரலுக்குப் போய்ச் சேர வேண்டாமா?

பட்டுப்புழுக் குடலில் வாழும் பாக்டீரியாவிலிருந்து இதை எடுத்தவர்கள் ஜப்பானியர்கள். அங்கே டகேடா கம்பெனி டான்சென் என்ற பெயரில் விற்றது. மறுபடி சோதித்தபோது வெற்று மாத்திரையைவிட மேல் என்று காட்ட முடியவில்லை. 2011-ல் கம்பெனியே வாபஸ் வாங்கிக்கொண்டது. பிறந்த வீடு கைவிட்ட மருந்து, புகுந்த வீட்டில் ராணி!

என்சைமே வேண்டாம் என்பதல்ல என் கட்சி. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளுக்கு 1993 முதல் டோர்னேஸ் ஆல்ஃபா என்ற என்சைம் உண்டு. மூச்சுவழி நேரே நெஞ்சுக்குப் போய், சளியில் கிடக்கும் டிஎன்ஏவை வெட்டி இளக்குகிறது. அமாக்சிசிலினோடு கிளாவுலானிக் அமிலம் சேர்ப்பதும், அந்த மருந்தை உடைக்கும் பாக்டீரியாவின் என்சைமை முடக்கத்தான். இவற்றுக்குக் காரணமும் உண்டு, சோதனையும் உண்டு.

பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்குப் பாஸ்தர் பெரிய பெயர். 1865-ல் பட்டுப்புழு நோயை ஆராயப் போனவர், ஊர்ப்பேச்சை நம்பாமல் அந்துப்பூச்சியை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். எங்கள் ஆபீசிலும் வவுச்சர் இல்லாத பில்லை ஆட்சேபணை எழுதித் திருப்புவோம். மாத்திரைக்கு மட்டும் ஏன் விதிவிலக்கு?

டாக்டர் எழுதியதை நீங்களாக நிறுத்த வேண்டாம். "இது எதுக்கு டாக்டர், இல்லாமல் முடியாதா?" என்று கேளுங்கள். கடைக்காரர் தானாகச் சேர்த்துக் கொடுத்தால், வேண்டாம் என்று திருப்பிக் கொடுங்கள். பென்ஷன் பணம் நம்முடையது, நெஞ்சும் நம்முடையது.