பல் பேதி என்று விட்டுவிடாதீர்கள்!

ஆடி மாதம் என் தங்கை மகள் தன் ஒன்றரை வயசுப் பையனோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். வாங்கி இடுப்பில் வைத்தேன். பஞ்சு போல லேசாக இருந்தான். "மாசம் ஒரு தடவை வயித்தால போகுது பெரியம்மா. ஒரு வாய் சோறு வாங்க மாட்டேங்கிறான்" என்றாள். வாயோரத்தில் புண். கொசு கடித்துச் சொறிந்த இடம்கூட ஆறவில்லை.

"பல் முளைக்கிற சமயம், அப்படித்தான் இருக்கும். கஞ்சியைத் தண்ணியா கரைச்சுக் கொடு" என்று பெரிய மனுஷியாகச் சொன்னது நான்தான். நாலே நாளில் பையன் துவண்டுவிட்டான். பயந்துபோய்க் குழந்தை டாக்டரம்மாவிடம் ஓடினோம்.

எடையும் உயரமும் பார்த்துவிட்டு, ஒரு நாடாவால் மேற்கையைச் சுற்றி அளந்தார். 12 செ.மீ. "ஆறு மாசத்திலிருந்து ஐந்து வயசு வரைக்கும் 12.5க்குக் கீழே போனால் போஷாக்குக் குறைவு. 11.5க்குக் கீழே போனால் ஆபத்து. இவனுக்குத் துத்தநாகச் சத்தும், அதான் ஜிங்க், குறைந்திருக்கும் போலிருக்கு" என்றார்.

"ரத்தம் எடுத்துப் பார்த்துடலாமே டாக்டர்?" என்றேன்.

"உடம்பிலுள்ள துத்தநாகத்தில் பெரும்பகுதி தசையிலும் எலும்பிலும் இருக்கும்மா. ரத்தத்தில் ஓடுவது துளியூண்டு. காய்ச்சல், தொற்று ஏதாவது இருந்தால் அதுவும் தானாக இறங்கிடும். ஒரு குழந்தையோட ரிப்போர்ட்டை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அடிக்கடி பேதி, பசியின்மை, ஆறாத புண், முடி உதிர்வது, உயரம் ஏறாமல் நிற்பது, இதெல்லாம் சேர்ந்து வந்தால் சந்தேகப்படணும்" என்றார். இவை வேறு கோளாறுகளிலும் வருமாம். அதனால் நாமே முடிவு கட்டாமல் டாக்டரிடம் காட்டுவதே நல்லது.

பேதிக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலோடு 10 முதல் 14 நாள் ஜிங்க் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004லேயே சொல்லியிருக்கின்றன. எங்கள் பையனுக்கு 14 நாள் மாத்திரை. ஒரு ஸ்பூன் தண்ணீரில் கரைத்துப் புகட்டினோம். மூணாம் நாள் பேதி நின்றதும் இவள் மாத்திரையை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள்! "நின்னுபோச்சுன்னு நிறுத்தினா அடுத்த மாசம் திரும்ப வரும்டி" என்று இந்தத் தடவை சரியான காரணத்துக்கு அதட்டினேன். அதற்காக அளவு மீறியும் கொடுக்கக் கூடாது. ஜிங்க் அதிகமானால் உடம்பு செம்புச் சத்தை ஏற்காது.

மனிதருக்கு இந்தக் குறை உண்டென்பதே 1960களில்தான் தெரிந்தது. பீகாரில் பிறந்த டாக்டர் ஆனந்த பிரசாத், ஈரானில் புளிக்காத ரொட்டியையே தின்று வளர்ச்சி குன்றிய இளைஞர்களைப் பார்த்து ஆராய ஆரம்பித்தார். தானியம், பருப்பிலுள்ள 'ஃபைட்டேட்' துத்தநாகத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஊறவைத்து, முளைகட்டி, புளிக்கவைத்தால் அது குறையும். ஆக, நம் இட்லியும் முளைகட்டிய பயறும் நல்லதுதான். சாப்பிடுகிறவர்கள் முட்டை, மீன், கறியும் மசித்துக் கொடுக்கலாம்.

ஐப்பசியில் போன் பண்ணினாள்: "பெரியம்மா, இப்போ தட்டை அவனே இழுக்கிறான்!"

வெறும் கஞ்சித் தண்ணீர் கொடுக்கச் சொன்ன இந்த வாயால் உங்களுக்கும் சொல்கிறேன். பேதியின்போது குழந்தையைப் பட்டினி போடாதீர்கள். மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.