ரொட்டிக் கடையில் படித்த பாஷை

சென்ற வெள்ளிக்கிழமை மாலை எதிர்வீட்டு அம்மாள் வந்தபோது முகமே சரியில்லை. காப்பியைக் கொடுத்தேன். ஆறிப் போகும்வரை தொடவில்லை.

"பார்த்தீர்களா, அக்கா! என் பெண் ஜெர்மனியில் ரொட்டிக் கடையில் நிற்கிறாளாம். உறவுக்காரப் பையன் ஒருவன் படம் பிடித்து வாட்ஸப்பில் போட்டு ஊரைக் கூட்டிவிட்டான். பாங்கில் கடன் வாங்கி, போதாததற்கு என் இரட்டை வடத்தையும் விற்று அனுப்பியது இதற்குத்தானா?"

எனக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. ஏனென்றால், அந்தப் பெண் ஆறு மாதம் முன்பே என்னிடம் சொல்லியிருந்தாள். "அம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம், அத்தை" என்று கெஞ்சியும் இருந்தாள்.

பிள்ளையை விமானம் ஏற்றிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பட்டம் வாங்கிவிட்டால் மீதியும் தாண்டியாயிற்று என்றுதான் நாம் எண்ணுகிறோம். வாஸ்தவத்தில் கிணறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஜெர்மனியின் அரசாங்கப் பல்கலைக் கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் ஒரு வருஷச் சாப்பாட்டுச் செலவுக்குப் பணம் இருப்பதை முன்கூட்டியே காட்டியாக வேண்டும். 2024-ல் நிர்ணயித்த கணக்குப்படி அது 11,904 யூரோ. பிள்ளையின் பெயரிலேயே பாங்கில் கட்ட வேண்டும். மாதம் 992 யூரோவுக்கு மேல் எடுக்க முடியாது. படிப்பு முடிந்த பிறகு வேலை தேடிக்கொள்ள 18 மாதத் தவணை. படிப்புக்கேற்ற உத்தியோகம் அதற்குள் அமையாவிட்டால், பெரும்பாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இந்தப் பெண் படித்த ஊர் கெம்னிட்ஸ். ஜெர்மனியின் கிழக்கே, சாக்ஸனி மாகாணத்தில் இருக்கிறது. வகுப்பில் பாடம் இங்கிலீஷில். அறையில் கூட இருந்தவர்கள் நம் நாட்டுப் பெண்கள். ரசம் வைத்தார்கள், தமிழும் தெலுங்கும் பேசினார்கள். இரண்டு வருஷமும் ஜெர்மன் பாஷை இல்லாமலே ஓடிவிட்டது. பட்டம் கைக்கு வந்ததும் நூறு கம்பெனிகளுக்கு விண்ணப்பம் போட்டாள். எல்லோரும் மரியாதையாகவே பதில் எழுதினார்கள். எல்லாம் 'இல்லை' என்ற பதில்தான். தொழிற்சாலையில் மேஸ்திரியிடம் பேசுவதும், கூட்டத்தில் விவாதிப்பதும் ஜெர்மனில். அந்தப் பாஷைக்கு ஆறு படிகள் வைத்திருக்கிறார்கள். கம்பெனிக்காரர்கள் கேட்டது நான்காம் படி. இவள் நின்றதோ இரண்டாம் படியில்!

அப்போதுதான் ரொட்டிக் கடையில் சேர்ந்தாள். வாடகையும் கொடுக்கலாம், பாஷையும் வரும் என்று கணக்குப் போட்டாள். விடியற்காலை ஐந்து மணிக்கே வேலை. சனிக்கிழமைகளில் வாசல்வரை வரிசை நிற்கும். முதல் வாரம் ஒரு கிழவி கேட்டது ஒன்று, இவள் கட்டிக் கொடுத்தது ஒன்று. அந்தக் கிழவியே பிறகு வாத்தியாராகிவிட்டாளாம். நம் பாஷையில் பலகாரத்துக்கு ஆண், பெண் கிடையாது. அங்கே 'கூக்கன்' என்ற கேக் ஆண்பால், 'டோர்ட்டே' என்ற கேக் பெண்பால், ரொட்டி இரண்டுமில்லை. தப்பாகச் சொன்னால் கிழவி பணத்தை நீட்ட மாட்டாளாம், திருத்திச் சொல்லும்வரை!

இதையெல்லாம் சொல்லி முடித்து, அந்தப் பெண்ணைக் கைபேசியில் கூப்பிட்டேன். அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.

"ஏண்டி, என்னிடம் ஏன் மறைத்தாய்?"

"வடத்தை விற்றாயே, அம்மா. எப்படிச் சொல்லுவேன்?"

அந்த அம்மாள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "அத்தனை நேரம் நிற்கிறாயே, கால் வலிக்கவில்லையா? சாப்பிட்டாயா?"

அந்தப் பெண் மூன்றாம் படியில் தேறிவிட்டாள். இன்னும் எட்டு மாதம் பாக்கி. வருகிற செவ்வாய்க்கிழமை இயந்திர பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் பேட்டி, அதுவும் ஜெர்மனிலேயே. பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்திருக்கிறார் அம்மா.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் யாராவது புறப்படத் தயாராக இருக்கலாம். முதல் இரண்டு படிகளை இங்கேயே ஏறிவிட்டுப் போகச் சொல்லுங்கள். சென்னையில் மாக்ஸ் முல்லர் பவனிலேயே கற்றுக்கொள்ளலாம். படிக்கும்போதே தன் துறையில் பகுதி நேர வேலை தேடச் சொல்லுங்கள். கடைசி ஆராய்ச்சிக் கட்டுரையைக் கம்பெனியிலேயே செய்யவும் அங்கே வழி உண்டு. இவை பிள்ளைகள் செய்ய வேண்டியவை.

நாம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ஊறுகாய் பாட்டிலைப் பெட்டியில் வைக்கும்போது, "என்ன கஷ்டம் வந்தாலும் என்னிடம் சொல்லு, நான் வருத்தப்படமாட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவோம். அப்புறம் அந்த வார்த்தையைக் காப்பாற்றுவோம்.