பேட்டரி மேல் பழி போடாதீர்கள்!

மதுரை மாட்டுத்தாவணி என்றால் இன்று எல்லோருக்கும் பஸ் ஸ்டாண்டுதான். பெயரில் மட்டும் பழைய மாட்டுச் சந்தை இன்னும் இருக்கிறது. சந்தையில் மாடு பிடிப்பவர் பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். அப்புறம்தான் மடியிலிருந்து பணத்தை எடுப்பார். பழைய கார் விஷயத்தில் பலர் இதற்கு நேர்மாறு. செல்ஃப் எடுக்கவில்லை என்றதும் வேறெதையும் பார்க்காமல் புது பேட்டரி வாங்கி மாட்டிவிடுகிறார்கள். பத்தே நாளில் மறுபடி அதே தகராறு!

சென்னையிலிருந்து இரவு பஸ்ஸில் வரும் மகளையோ மருமகனையோ அழைத்துப் போக, விடியற்காலையில் காரோடு வந்து காத்திருப்பவர்கள் இங்கே ஏராளம். அதில் மாருதி 800-ம் உண்டு, அம்பாசடரும் உண்டு. இரண்டின் உற்பத்தியும் 2014-ல் நின்றுவிட்டது. ஆக, கடைசியாக வந்த வண்டிக்கே பத்து வயது தாண்டிவிட்டது. இத்தனை வருட வெயிலில் ஒயரின் மேலுறை காய்ந்து வெடித்திருக்கும். போல்ட்டுக்கு அடியில் துரு ஏறியிருக்கும். பேட்டரி நன்றாக இருந்தாலும், கரன்ட் போகும் பாதை கெட்டிருக்கலாம்.

முதலில் ஹெட்லைட்டைக் கேளுங்கள்

கியரை நியூட்ரலில் வைத்து, ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் அடியோடு மங்கி, 'டக டக' என்று சத்தம் வந்தால், பேட்டரியில் சார்ஜ் இல்லை அல்லது டெர்மினலில் பிடிப்பு இல்லை. வெளிச்சம் மங்காமல் செல்ஃப் மட்டும் அசையாவிட்டால், செல்ஃப் மோட்டார், சோலனாய்டு, அதற்குப் போகும் ஒயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லையா? பேட்டரியை விட்டுவிட்டு பிளக், காயில், பெட்ரோல் பக்கம் போங்கள்.

டெர்மினலில் பூத்த பூ

பேட்டரி முனையில் வெள்ளையாக, பச்சையாகப் பூத்திருந்தால் கரன்ட் சரியாகப் போகாது. பாடியோடு சேர்ந்த எர்த் ஒயரை (பெரும்பாலும் மைனஸ்) முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். வரிசை மாறி, ஸ்பேனர் பாடியில் பட்டுவிட்டால் தீப்பொறி பறக்கும். ஆப்ப சோடா கரைத்த வெந்நீரால் கழுவி, நன்றாகத் துடைத்து இறுக்கிய பிறகு, மேலே லேசாக வாசலின் தடவுங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடவே கூடாது.

மூன்று எண்கள் போதும்

எலெக்ட்ரிக் கடையில் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சில மணி நேரம் ஓடாமல் நின்ற வண்டியில் முழு சார்ஜ் உள்ள பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி சார்ஜ். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். 13-க்கும் கீழே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. ஆல்டர்னேட்டரையும் அதன் பெல்ட்டையும் பாருங்கள். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கோளாறு. பேட்டரித் தண்ணீர் அடிக்கடி வற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்; வெயிலை மட்டும் திட்டிப் பயனில்லை.

கண்ணில் படாத எர்த்

வீட்டில் போக ஒரு ஒயர், வர ஒரு ஒயர். காரில் கரன்ட் திரும்பி வரும் வழி பெரும்பாலும் காரின் இரும்பு உடம்புதான். எர்த் போல்ட்டுக்கு அடியில் துரு ஏறினால் அந்த வழி அடைபடும். கரன்ட் வேறு வழி தேடும். அப்போதுதான் வேடிக்கைகள் நடக்கும்: இண்டிகேட்டர் போட்டால் பின் விளக்கும் சேர்ந்து சிமிட்டும், பிரேக் மிதித்தால் வேறு விளக்கு மங்கும். இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் பட்டை அறுந்துவிட்டால், செல்ஃப் இழுக்கும் கரன்ட் கிளட்ச் கேபிள் வழியாகப் பாய்ந்து அதைச் சூடாக்குவதும் உண்டு.

கண்டுபிடிப்பது எளிது. மங்கலாக எரியும் விளக்கின் எர்த் முனைக்கு, பேட்டரியின் எர்த் முனையிலிருந்து தனியாக ஒரு ஒயர் பிடித்துப் பாருங்கள். விளக்கு பளிச்சென்று எரிந்தால் குற்றவாளி எர்த்தான். போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கினால் போதும். பேட்டரிக்குச் செலவழிக்க இருந்த பணம் மிச்சம்.

ஃப்யூஸ் எரிந்தால் நன்றி சொல்லுங்கள்

ராத்திரி நடுவழியில் ஃப்யூஸ் போனால் சிகரெட் டப்பாவின் வெள்ளித்தாளைச் சுற்றி மாட்டுவதும், ஒற்றைச் செப்புக் கம்பியைச் சொருகுவதும் இன்றும் நடக்கிறது. வண்டி ஓடும், ஆபத்தும் கூடவே ஓடும். ஃப்யூஸ் இருப்பது விளக்கைக் காப்பாற்ற மட்டும் அல்ல, ஒயர் சூடேறித் தீப்பிடிக்காமல் காப்பதற்கு. அது எரியாவிட்டால் டேஷ்போர்டுக்கு அடியில் ஒயர்தான் எரியும். பின் சீட்டில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

தட்டை ஃப்யூஸுக்கு நிறமே அடையாளம்: சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. எந்த நிறம் போனதோ அதே நிறத்தை மாட்டுங்கள். நாலைந்து உபரி ஃப்யூஸ் எப்போதும் வண்டியில் இருக்கட்டும். புதிதும் உடனே எரிந்தால் மூன்றாவதை மாட்டாதீர்கள். எங்கோ ஷார்ட் இருக்கிறது. ஒயரை எலி கடித்திருக்கலாம். பின்னாளில் பொருத்திய ஹாரன், கூடுதல் லைட், பாட்டுப்பெட்டி ஆகியவற்றில் ஒயர் ஜாயின்ட் பிரிந்திருக்கலாம். அந்த வேலையைத்தான் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். ஓடும்போது பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தால் ஓரம் கட்டி, சாவியை அணைத்து, எல்லோரையும் இறக்கிவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் போகும்போது "பேட்டரி மாத்தணும்" என்று ஆரம்பிக்காதீர்கள். எப்போது, எதைப் போட்டபோது, எந்த விளக்கு மங்கியது, மீட்டர் எவ்வளவு காட்டியது என்று சொல்லுங்கள். அவருக்குப் பாதி வேலை குறையும்; உங்களுக்குப் பாதிச் செலவு குறையும்.