மறைப்புக்கு எந்த மரம்?

வட்டக்கானல் சரிவில் வீட்டையும் தோட்டத்தையும் பிறர் பார்வையினின்றும் மறைப்பதற்கு, விரைவில் வளர்ந்து என்றும் பசுமையாய் நிற்கும் வாட்டில் மரமே ஏற்றது என அங்கத்தினர் சிலர் கருதுகின்றனர். அதனை நாம் ஒப்புவதற்கில்லை. தோல் பதனிடும் பட்டைக்கென இம்மலைகளில் வளர்க்கப்பட்ட அந்த ஆஸ்திரேலிய மரம், புல்வெளிகளில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டது. வெட்டினாலும் விடாது, மண்ணில் கிடக்கும் விதை பல்லாண்டு உயிரோடிருந்து, தீப்பட்டபின் கூட்டமாய் முளைக்கும். அண்டை நிலத்தாருக்கும் அதனால் தொல்லையே. அன்னிய மரங்களை அகற்ற அரசாங்கம் 2022-இல் கொள்கையே வகுத்தபின் அதனை நடுவது என்ன கணக்கோ!

சோலையிலுள்ள நாவல் இனங்களும் புல்வெளிக் காட்டுப்பூவரசும் மெல்லத்தான் வளரும், மறுக்கவில்லை. அதுவரை மூங்கில் தட்டி போதும். கன்று கிடைப்பதே அரிது. வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளையினர் சோலை மரங்களுக்கென நாற்றங்கால் நடத்திக் காட்டியுள்ளனர். நம் சங்கமும் ஒன்று அமைத்து, அங்கத்தினருக்கு அடக்க விலையில் கன்று வழங்கத் தீர்மானிக்க வேண்டும்.