சின்னக் காரும் பெரிய குடும்பமும்

நயினை நாகபூசணி அம்மன் தரிசனத்துக்காகச் சென்ற வெள்ளிக்கிழமை குறிகட்டுவான் துறையிலே படகுக்குக் காத்து நின்றோம். எமது பழைய மாணவர் ஒருவர் எதிர்ப்பட்டார். கடல் கடந்து உழைக்கும் தமையனார் பணம் அனுப்பியிருக்கிறாராம். வீட்டுக்கு ஒரு சிறிய கார் வாங்க வேண்டுமாம். "எதை வாங்கலாம், சேர்?" என்று கைத்தொலைபேசியை எம்மிடம் நீட்டினார். அதிலே ஐந்தாறு கார்களின் படங்களும், அவற்றை வாங்கியோர் அடைந்த திருப்தி பற்றிய புகழுரைகளும் இருந்தன. பின்னிருக்கையை மடிக்கலாம், பெட்டி படுக்கை வைக்கலாம், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடலாம், ஒரு கார் பல காரியத்துக்கு உதவும் என்பதே அவற்றின் சாரம்.

எமக்கு உடனே விடை சொல்ல நா எழவில்லை. ஏனெனில், எம்மை அங்கே கொண்டுவந்து இறக்கிய வண்டி பத்து யார் தூரத்தில் வெந்நீர் சொட்டிக்கொண்டு நின்றது. அது வேலணையில் வாழும் எமது தாய்மாமனாரின் ஒஸ்ரின் ஏ-40 சோமசெற்.

இங்கிலாந்திலே பேர்மிங்காமை அடுத்த லோங்பிறிட்ஜ் தொழிற்சாலையில் 1952 முதல் 1954 வரை செய்யப்பட்ட வண்டி இது. 1200 சீ.சீ. யந்திரம். கியர்த்தடி தரையில் நில்லாமல் சுக்கானின் கழுத்தில் இருப்பதால் சாரதியோடு முன்னே மூவர் நெருங்கியிருக்கலாம். எமது பாட்டனார் கொழும்பிலே கடை வைத்திருந்த காலத்தில் வாங்கினார். அந்நாளில் எங்கள் ஊரிலே ஒஸ்ரின் கட்சி, மொறிஸ் கட்சி என இரண்டு இருந்தனவாம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனரே சிறந்ததென்று ஒரு சாரார் வாதிடுவர். பத்து இலட்சம் வண்டிகள் என்ற எல்லையை முதலிலே தாண்டிய பிரித்தானியக் கார் அது. மற்றச் சாரார் ஏ-40ஐ விட்டுக்கொடார். அவ்விரு கம்பனிகளும் 1952ஆம் ஆண்டிலேயே ஒன்றாய் இணைந்துவிட்டன என்பதைத் திண்ணையில் இருந்தோர் அறிந்திருந்தும் வழக்கைக் கைவிட்டதாகத் தெரியவில்லை.

தீவகத்திலே கார் என்றால் குடும்பத்தார் உலாவச் செல்லும் வாகனம் மட்டுமன்று. இங்கே கிணறு உண்டு; குடிக்கத்தக்க நீர் எல்லாக் கிணற்றிலும் இல்லை. வேலணைச் சாட்டியின் நன்னீரைக் கான்களில் நிரப்பிப் புங்குடுதீவிலுள்ள உறவினர் வீடுகளுக்குக் கொண்டுபோனது இந்தக் கார்தான். புகையிலைச் சிப்பம் ஏறியிருக்கிறது, மணமகள் ஏறியிருக்கிறாள், ஒரே நாளில் இரண்டும் ஏறியதுண்டு என்று மாமி இன்றும் குறைப்படுவார். கூறைச்சேலையில் புகையிலை மணம் ஒரு கிழமை போகவில்லையாம்.

1990 ஆகஸ்டில் தீவகம் போர்க்களமானபோது எமக்கு வயது பதினொன்று. நாம் பரவைக்கடலைப் படகிலே கடந்தோம். கார் திருத்த வேலைக்காக நகரத்துக் கராஜ் ஒன்றில் நின்றபடியால் தப்பியது. அதன்பின் பொருளாதாரத் தடையால் குடாநாட்டில் பெற்றோல் அருமருந்தாயிற்று. அப்போதுதான் இப்பழைய வண்டிகளின் பெருமை வெளிப்பட்டது. இவை மண்ணெண்ணெயில் ஓடின!

மாணவர்கள் இதன் காரணத்தை அறிதல் நன்று. மண்ணெண்ணெயின் ஒக்டேன் எண் குறைவு. நெருக்கல் விகிதம் உயர்ந்த யந்திரத்தில் அதை இட்டால், உரிய கணத்துக்கு முன்னரே எரிந்து யந்திரத்தை அடித்து நொறுக்கும். சோமசெற்றின் நெருக்கல் விகிதம் ஏழுக்கு ஒன்றை ஒட்டியது, ஆகையால் தாங்கிக்கொண்டது. ஆனால் குளிர்ந்த யந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. எனவே மாமா சேலைன் குழாய் ஒன்றைச் சிறு போத்தலோடு இணைத்து, காபுறேற்றருக்குள் சில துளி பெற்றோலைச் சொட்டவிட்டு, முன்னாலே கைப்பிடியைச் சுழற்றி உயிர்ப்பிப்பார். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். இடையில் நிறுத்தினால் மறுபடியும் பெற்றோல் வேண்டும். ஆதலால் எவர் வீட்டு வாசலிலும் அவர் யந்திரத்தை நிறுத்தியதில்லை. சுகம் விசாரிப்பதெல்லாம் புகைக்குள்ளிருந்தே நடக்கும்.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு யாழ்ப்பாணம் முழுவதும் நாவற்குழியை நோக்கி நடந்தது. எமது காருக்குள் அம்மம்மா, மாமி, ஐந்து பிள்ளைகள், முன்னாலே எட்டு மாதக் கர்ப்பிணியான அயல் வீட்டுப் பெண்மணி. மேலே பாயும் அரிசி மூட்டையும். நாமும் அப்பாவும் பக்கத்தில் நடந்தோம். சனத்துக்கு நடுவே நத்தைபோல் ஊர்ந்ததால் யந்திரம் கொதித்தது. நல்ல வேளையாக மழை பெய்தது. குடையைக் கவிழ்த்துப் பிடித்து, சேர்ந்த நீரிலே பாதியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்து, பாதியை றேடியேற்றருக்கு ஊற்றினார் மாமா. பிள்ளைகளுக்கு விடாய் அடங்கவில்லை. அவர் காருக்கு ஊற்றியதை அன்று நாம் மன்னிக்கவில்லை. மூன்றாம் நாள் அப்பெண்மணி சாவகச்சேரியில் ஓர் ஆண் மகவைப் பெற்றார். பாதி வழியில் கார் நின்றிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பது எமக்குப் பிறகே புரிந்தது. அம்மகன் இப்போது கனடாவில் இருக்கிறார். ஊருக்கு வந்தால் காரையும் மாமாவையும் பார்க்காமல் திரும்புவதில்லை.

பழைய வண்டிக்கு முழுப் புகழ் பாடுவது நேர்மையன்று. இருக்கைப் பட்டி கிடையாது. பிறேக் ஒரு பக்கம் இழுக்கும். பண்ணைப் பாலத்து உப்புக்காற்று தகட்டைத் தின்பதால் மாமா ஆறு மாதத்துக்கொருமுறை அடிப்பாகத்துக்குக் கழிவு ஒயில் பூசுகிறார். 2022ஆம் ஆண்டுத் தட்டுப்பாட்டிலோ மண்ணெண்ணெய் வித்தையும் பலிக்கவில்லை, மண்ணெண்ணெயே இல்லை. அவ்வருடம் ஆகஸ்டில் அதன் விலை லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறியபோது, படகோட்டும் மீனவருக்கே அது எட்டவில்லை. போரிலும் ஓடிய கார் கொட்டிலில் நின்றது. எம்மிடமுள்ள 800 சீ.சீ. இந்தியக் காரோ, வாராந்தப் பங்கீடாகக் கிடைத்த சில லீற்றர் பெற்றோலில் எம்மைக் கல்லூரிக்கும் மாமாவை மருத்துவரிடமும் கொண்டுசென்றது. அதன்மேல் எமக்கும் திருப்தியே. ஆனால் அதன் மின்னணுப் பெட்டி பழுதுபட்டபோது, புதிய பெட்டிக்கு இரண்டு மாதம் காத்திருந்தோம். சோமசெற்றுக்கு வேண்டிய துண்டையெல்லாம் யாழ்ப்பாணத்து லேத்துக் கடையிலே கடைந்து கொடுத்துவிடுகிறார்கள்.

2020 மார்ச் முதல் 2025 ஜனவரி வரை தனியார் வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்த காலத்தில், இந்தச் சோமசெற்றுக்கும் திருமண வாடகைக்காரர் ஒருவர் நல்ல விலை பேசினார். மாமா கொடுக்கவில்லை. காரணம் கேட்டால், "பொறு, மழை வரட்டும்" என்பார்.

மாணவருக்கு என்ன சொன்னோம் என்று கேட்கிறீர்களா? நாம் வாய் திறக்குமுன் மாமா வந்து கைத்தொலைபேசியை வாங்கிப் பார்த்தார். நிறத்தையும் கேட்கவில்லை, விலையையும் கேட்கவில்லை. "தம்பி, வீட்டிலை எத்தினை பேர்?" என்றார். "ஐந்து பேர் ஐயா." "பக்கத்து வீட்டிலை?" மாணவர் விழித்தார். மாமா ஒரு வெள்ளைக் காரைச் சுட்டி, இது பரவாயில்லை, ஆனால் முதல் நாளே அடிப்பாகத்துக்குத் துருப்பிடியாத பூச்சுப் போட வேண்டும், ஒரு கான் தண்ணீர் எப்போதும் பின்னால் இருக்க வேண்டும் என்று விளக்கத் தொடங்கினார். நயினாதீவுப் படகு புறப்பட்டுவிட்டது. நாங்கள் அடுத்த படகிலேதான் போனோம்.